மருந்து நிக்கணும்

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கி புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட அன்று, நான் ஆய்வு செய்துகொண்டிருந்த கல்லூரியில் 12 கண்ணாடிக் குப்பிகள் ஆறாவது நாளில் இருந்தன. உடம்புச் சூடான 37 டிகிரியில், மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும் ஷேக்கருக்குள் அவற்றை வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஒவ்வொரு குப்பியிலும் பி.எச். 7.4 உள்ள உப்புக்கரைசல், அதில் மூழ்கிய இளமஞ்சள் துண்டு ஒன்று. பார்த்தால் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் போட்டது போல இருக்கும். அந்தத் துண்டிலிருந்து எத்தனை நாளில் எவ்வளவு மருந்து கசிகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. காலையில் கரண்ட் போனது. திரும்பி வர நாள்கணக்கில் ஆயிற்று. குப்பிகள் குளிர்ந்துவிட்டன. நடுவில் எடுக்க வேண்டிய அளவுகள் ஒன்றும் இல்லை. மொத்தத்தையும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன்.

அதைப் பெரிய இழப்பாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் புயலில் கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. எங்கள் குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாகச் சரிந்து கிடந்தன. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. வெட்ட மரம் இல்லாததால், விழுந்த மரங்களைத் துண்டாக்கி ஒதுக்கும் வேலைக்குப் போனார். அங்கேதான் குதிகாலில் ஒரு சிராம்பு ஏறியது. ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. பதினொரு வருடமாகச் சர்க்கரை; பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சாயங்காலம் திண்ணையிலிருந்து அடுக்களை வரை சிமெண்ட் தரையில் புள்ளி புள்ளியாக ரத்தம் கிடந்ததைப் பார்த்து அம்மாதான் சத்தம் போட்டாள்.

அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆனது.

கட்டு மாற்றும்போது பல நாள் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். பழைய காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிஸ்டர் சலைனை ஊற்றி ஊற்றி ஊறவைத்து, ஓரத்திலிருந்து பொறுமையாகப் பிரித்தெடுப்பார். எவ்வளவு பொறுமையாக எடுத்தாலும், அடியில் இளஞ்சிவப்பாக வந்த புதுச்சதை கொஞ்சம் துணியோடு சேர்ந்து வந்துவிடும். முந்தின நாள் தடிமனாகப் பூசிய களிம்பில் பாதி காஸிலேயே ஊறிப்போயிருக்கும். மீதி, புண்ணிலிருந்து வடிந்த நீரோடு கலந்து வெளியே போயிருக்கும். ஒருநாள் அந்தத் துணியை என்னிடம் காட்டிச் சொன்னார்: "பாத்தியா மக்கா, மருந்து போட்டா மட்டும் போதாது. போட்ட மருந்து அங்கயே நிக்கணும்."

நாலு வருட ஆய்வில் நான் படித்த எல்லாக் கட்டுரைகளும் சொல்ல வந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். நிக்கணும்.

மருந்து நிற்பது ஏன் அவ்வளவு முக்கியம்? கிருமியை அடக்க ஒரு குறைந்தபட்ச அளவு மருந்து புண்ணில் எப்போதும் இருக்க வேண்டும். பூசிய உடனே அந்த அளவுக்கு மேலே எகிறி, சாயங்காலத்துக்குள் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், மிச்சமிருக்கும் நேரம் முழுக்கக் கிருமிக்கு லாபம். கொல்லாத அளவில் மருந்தைத் தொட்டுத் தொட்டுப் பழகும் கிருமி, அதை எதிர்த்து நிற்கவும் கற்றுக்கொள்ளும். அதனால்தான் "எந்த மருந்து" என்ற கேள்விக்குச் சமமாக "எந்த வேகத்தில்" என்ற கேள்வியும் எனக்கு முக்கியமாகப் பட்டது.

சரி, நான் செய்துகொண்டிருந்த அந்த டிஷ்யூ பேப்பர் என்ன?

அதை நூற்கும் முறைக்கு எலக்ட்ரோஸ்பின்னிங் என்று பேர், தமிழில் மின்நூற்பு. ஒரு சிரிஞ்சில் பாலிமர் கரைசல். ஊசியின் நுனியில் உயர் மின்னழுத்தம், சாதாரணமாக 10 முதல் 25 கிலோவோல்ட். எதிரே ஒரு சாண் தள்ளி, அலுமினிய ஃபாயில் சுற்றிய தகடு. பம்ப் கரைசலை மணிக்கு ஒரு மில்லி என்ற கணக்கில் தள்ளும். ரப்பர் மரத்தில் வெட்டுக்குக் கீழே குத்திய தகரத்தின் நுனியில் பால்துளி திரண்டு தொங்குமே, அப்படித்தான் ஊசி நுனியிலும் ஒரு துளி தொங்கும். மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட அந்த உருண்டைத் துளி கூராகிக் கூம்பாக மாறும். ஒரு கட்டத்தில் கூம்பின் முனையிலிருந்து ஒரு தாரை பிய்த்துக்கொண்டு கிளம்பும். முதல் சில சென்டிமீட்டர் நேராகப் போகும். அப்புறம் சாட்டையைச் சுழற்றியது போலச் சுருள் சுருளாக வீசும். அந்த வீச்சிலேயே கரைப்பான் ஆவியாகி, தாரை இழுபட்டு மெலிந்து, தகட்டில் வந்து விழும்போது உலர்ந்த நூலாகிவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் அந்தச் சுழற்சி புகை மாதிரி கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது கை வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

நூலின் தடிமன் சில நூறு நானோமீட்டர். தலைமுடி ஒன்று 70,000 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வரும் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு மெலிசு என்று ஊகித்துக்கொள்ளலாம். இது புதிய வித்தையும் இல்லை. அன்டன் ஃபார்ம்ஹால்ஸ் 1934-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தக் கூம்பின் கணக்கை 1964-இல் ஜெஃப்ரி டெய்லர் எழுதினார். இன்றும் அது டெய்லர் கூம்புதான். அப்புறம் நீண்ட காலம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-களில் அமெரிக்காவின் அக்ரன் பல்கலைக்கழகத்தில் டாரல் ரெனெக்கர் திரும்பக் கையில் எடுத்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. 2002-இல் எல்-ரெஃபாய் கெனாவியும் கூட்டாளிகளும் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் பாலிமரோடு சேர்த்து நூற்று, அது எப்படிக் கசிகிறது என்று அளந்தார்கள். மருந்தை நூலில் வைக்கும் வேலைக்கு அதை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள்.

நானும் டெட்ராசைக்ளினைத்தான் எடுத்தேன். அதற்கு எளிய காரணம், அது மஞ்சள். யூவி கருவியில் அளப்பதற்கு முன்னாலேயே கண் ஓரளவு சொல்லிவிடும். பாலிமர், பாலிகேப்ரோலாக்டோன். நாங்கள் பி.சி.எல். என்போம். உடம்புக்குள் மெல்லக் கரைந்துபோகும் பிளாஸ்டிக். தையல் நூலிலும் பயன்பட்டிருக்கிறது. முழுசாகச் சிதைய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். புண்ணின் கணக்கில் பார்த்தால் நூல் அப்படியே இருக்கும், மருந்து மட்டும் அதற்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வரவேண்டும்.

ஆனால் ஊர்ந்து வரவில்லை. முதல் தடவை துண்டைக் கரைசலில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, வெளிச்சம் படாமல் சுற்றியிருந்த ஃபாயிலைப் பிரித்தால் குப்பி முழுக்க மஞ்சள். அளந்தால் பாதிக்கும் மேல் வெளியே வந்துவிட்டது. காரணம் யோசித்தால் புரிகிறது. டெட்ராசைக்ளின் உப்பு வடிவில் இருப்பது, தண்ணீருக்கு ஆசைப்படுவது. பி.சி.எல். எண்ணெய்த்தன்மை உள்ளது. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. தாரை உலரும்போது மருந்து உள்ளே தங்காமல் நூலின் மேல்தோலுக்கு ஒதுங்கிவிடுகிறது. நூல் மெலிய மெலிய மேற்பரப்பு கூடும். புண்ணுக்கு அது நல்லதுதான், காற்று போகும், ஈரத்தை உறிஞ்சும். ஆனால் மருந்து கழன்று ஓடவும் அதே மேற்பரப்புதான் வழி. காஸில் பூசிய களிம்புக்கும் என் நானோ நூலுக்கும் அன்று ஒரு வித்தியாசமும் இல்லை.

இங்கேதான் மண் வருகிறது.

சுங்கான்கடை வழியாக நாகர்கோவில் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோரம் பானைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். பொங்கலுக்குப் பானை வாங்க எங்கள் வீட்டில் அங்கேதான் போவோம். சின்ன வயதில் ஒருமுறை, மண் பிசைகிற பாட்டா ஒருவர் ஒரு உருண்டையை என் கையில் தந்து, "விரலால தேச்சுப் பாரு" என்றார். சோப்பு மாதிரி வழுக்கியது. ஏன் அப்படி வழுக்குகிறது என்று கேட்டேன். "நல்ல மண்ணு அப்படித்தான்" என்றார். அதற்கான விடையை எம்.எஸ்சி. வகுப்பில்தான் படித்தேன். களிமண் என்பது தகடுகள். புத்தகத்தில் தாள்கள் அடுக்கியிருப்பது போல, ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும் தகடுகள். மான்ட்மோரில்லோனைட் என்ற வகையில் ஒரு தகட்டின் தடிமன் ஏறக்குறைய 1 நானோமீட்டர்தான். ஒரு கிராமைப் பிரித்துத் தகடு தகடாக விரித்தால் 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். ஒரு கிராமில் கிட்டத்தட்ட பதினேழு சென்ட் நிலம்!

அந்தத் தகடுகளில் எதிர்மின்னூட்டம் இருக்கும். அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் வரும் குறை அது. குறையை நிரப்ப, தகடுகளுக்கு நடுவே சோடியமோ கால்சியமோ வந்து ஒட்டியிருக்கும். நேர்மின்னூட்டம் உள்ள மருந்தைக் கொடுத்தால், சோடியம் எழுந்து இடம் விட, மருந்து போய் உட்காரும். பூச்சாகவோ கலவையாகவோ இருந்தால் அந்தப் பிடி கிடைக்காது. மின்னூட்டத்தால் பிடிபட்ட மருந்தை விடுவிக்க, வெளியிலிருந்து இன்னொரு உப்பு உள்ளே வந்தாக வேண்டும். உடம்பின் நீரில் உப்பு இருக்கிறது. அது உள்ளே வர வர, மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது ஹாலோய்சைட். இதுவும் களிமண்தான், கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணின் குடும்பம். ஆனால் தகடு சுருண்டு குழலாக இருக்கும். சிலிக்கா அடுக்கும் அலுமினா அடுக்கும் ஒன்றோடொன்று அளவு பொருந்தாததால் தகடு வளைகிறது. பனையோலை காயும்போது ஒருபக்கம் கூடுதலாகச் சுருங்கிச் சுருண்டுகொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அதே காரணம். குழலின் உள்வாய் சுமார் 15 நானோமீட்டர், நீளம் ஒரு மைக்ரானுக்குப் பக்கம். உள்பக்கம் அலுமினா, வெளிப்பக்கம் சிலிக்கா. இயற்கை தானே செய்து வைத்த ஈர்க்குக் குழல்.

அதற்குள் மருந்தை ஏற்றுவது நான் மிகவும் விரும்பிய வேலை. மருந்துக் கரைசலில் ஹாலோய்சைட் தூளைக் கலக்கினால் கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும். அதை மூடிய ஜாடியில் வைத்து வாக்குவம் பம்ப் போடவேண்டும். சில நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும், உலை கொதிக்கிற மாதிரி. குழல்களுக்குள் அடைபட்ட காற்று வெளியேறுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்து, வால்வைத் திறந்து காற்றை விட்டால், காலியான குழல்களுக்குள் கரைசல் போய் நிரம்பும். இதை மூன்று தடவை செய்வேன். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே ஒட்டியதைக் கழுவி, உலர்த்தினால் கையில் மிஞ்சுவது மங்கிய மஞ்சள் தூள். கழுவிய பிறகும் மஞ்சள் போகாமல் இருந்ததே, அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி.

இந்தத் தூளை பி.சி.எல். கரைசலில் கலந்து நூற்றால் மருந்துக்கு இரண்டு வேலி. முதலில் குழலின் வாய் வழியாக வெளியே வரவேண்டும். பிறகு பாலிமரைக் கடக்க வேண்டும். வழியில் மற்ற மண் துகள்கள் குறுக்கே கிடக்கும், சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஓலைக்கூரையில் விழுந்த மழைத்துளி நேராகக் கீழே சொட்டுவதில்லை, ஓலைக்கு ஓலை நழுவி எங்கோ இறவாரத்தில் வந்துதான் விழும். அது மாதிரி.

மண் இன்னொன்றும் செய்யும், நூலை வலுப்படுத்தும். ரப்பர் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. செருப்பு சோல், குழாய், பாய் என்று வார்க்கும்போது ரப்பரோடு கயோலினைக் கலப்பது பழைய வழக்கம். துகளைத் தகடு தகடாகப் பிரித்துக் கலந்தால் இன்னும் குறைவாகவே போதும் என்று காட்டியவர்கள் ஜப்பானின் டொயோட்டா ஆய்வகத்தார். 1980-களின் கடைசியில் நைலானில் 5 சதவீதத்துக்கும் குறைவான மான்ட்மோரில்லோனைட்டைச் சேர்த்து அதன் விறைப்பை இரண்டு மடங்காக்கினார்கள். காரின் டைமிங் பெல்ட் மூடியாக அது சந்தைக்கே வந்தது. நம் மண்சுவரில் வைக்கோல் மண்ணைப் பிடித்து நிற்கும்; இங்கே மண் நாரைப் பிடித்து நிற்கிறது. புண்ணில் வைக்கும் வலைக்கு இந்த வலு தேவை. ஈரத்தில் நைந்து பிய்ந்தால் அதைப் புண்ணுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்கவேண்டி வரும். எடுக்கிறவருக்கும் வேதனை, படுத்திருக்கிறவருக்கும் வேதனை.

மண்ணும் துணியும் மருந்தோடு சேர்வது எனக்கு வேறொரு நினைவையும் கொண்டுவரும். அம்மாவின் அப்பா ஒரு வர்ம ஆசானிடம் கூடமாட வேலைக்கு நின்றவர். பஸ்பம் போடும்போது இரண்டு அகல்களைக் கவிழ்த்து மூடி, மண் தோய்த்த துணியை ஏழு சுற்று சுற்றிக் காயவைத்துப் புடம் போடுவார்கள். சீலைமண் என்று பேர். உள்ளே இருப்பது ஆவியாகி ஓடிவிடக்கூடாது, அதற்காக. பாட்டாவின் கைக்குத் துணிக்கீற்றுகளை எடுத்துக்கொடுத்தது நான்தான். இதை வைத்து அந்தக் காலத்திலேயே நானோ இருந்தது என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு, இது வேறு. ஆனாலும் மருந்தை ஓடவிடாமல் பிடிக்க மண்ணை நம்பலாம் என்ற எண்ணம், என் கைக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மண்ணும் துணியும் இன்றைய மருத்துவத்திலும் இருக்கிறது. ரத்தம் பீறிடும் காயத்தில் அமெரிக்க ராணுவத்தினர் வைத்து அழுத்தும் குவிக்கிளாட் காம்பாட் காஸ் என்பது கயோலின் ஏற்றிய காஸ்தான். கயோலினின் பரப்பு, ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் பன்னிரண்டாம் காரணியைத் தூண்டிவிடும்.

புயலுக்குப் பிறகு, 2018 ஜனவரியில் மண் கலந்த நூலை மறுபடி நூற்றேன். கலப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தூள் கூடினால் கட்டி தட்டும், ஊசி அடைக்கும், நூலில் மணி கோர்த்தது போல முண்டு விழும். அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்துக் கலைத்து, அளவைக் குறைத்து, திரும்பக் கலைத்து, ஒருவழியாகச் சீரான வலை வந்தது. குப்பிகள் ஷேக்கருக்குள் போயின. ஒரு மணி நேரம் கழித்து ஃபாயிலைப் பிரித்தேன். கரைசல் ஏறக்குறையத் தண்ணீராகவே இருந்தது. மறுநாள் லேசான மஞ்சள். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி எடுத்து அளந்துவிட்டு, ஒரு மில்லி புதுக் கரைசலைத் திரும்ப ஊற்ற வேண்டும். இரண்டாவது வாரத்திலும் கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. மருந்து நின்றது.

அந்தச் சந்தோஷம் ஜூன் வரைக்கும்தான்.

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் அதே கலவை, அதே வோல்ட், அதே ஊசி, ஆனால் மருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது. மண் சரியில்லையா, மருந்து சரியில்லையா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜனவரி நூல் வழவழவென்று இருந்தது. ஜூன் நூலின் தோல் முழுக்கக் குழி, அம்மைத்தழும்பு போல. நான் கரைக்கப் பயன்படுத்தியது குளோரோஃபார்ம், மருந்துக்காகக் கொஞ்சம் மெத்தனால். குளோரோஃபார்ம் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது நூலின் தோல் சில்லிடும். மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரம் அந்தச் சில்லிட்ட தோலில் நுண்துளியாகப் படியும். துளி காய்ந்த இடத்தில் குழி நிற்கும். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்தில் நூற்கிறவளுக்கு இது முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். நான் படித்த கட்டுரைகளில் பலவற்றில் ஈரப்பதத்தின் அளவையே எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டும் என்று எனக்கு இப்போதும் அழுத்தமான எண்ணம் உண்டு.

வீட்டில் சொன்னேன். அப்பா காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். "மழையில ரப்பர் ஷீட்டு காயாதுன்னா புகைப்புரையில போட்டுச் சூடு காட்டுவோம். நீயும் சூடு காட்டு மக்ளே" என்றார். சூடு காட்ட முடியாது என்றேன். பி.சி.எல். 60 டிகிரியில் உருகிவிடும். மெத்தனால் ஆவி சூழ்ந்த இடத்தில் சூடும் பொறியும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அவர் விடவில்லை. "அப்போ ஈரத்தைக் குடிக்கிற சாதனம் ஏதாவது வை." சரிதானே. நூற்கும் இடத்தை அக்ரிலிக் பெட்டிக்குள் கொண்டுவந்து, தட்டுத் தட்டாகச் சிலிக்கா ஜெல் வைத்து, ஈரமானி முள் இறங்கிய பிறகே சுவிட்சைப் போடுவது என்று ஆக்கிக்கொண்டேன். நீல மணிகள் இரண்டு மணி நேரத்தில் வெளிறி இளஞ்சிவப்பாகும். ஓவனில் வறுத்தெடுத்தால் திரும்ப நீலம். அந்த மழைக்காலம் முழுக்க மணி வறுத்தேன்.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னால் ஊரில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: நம்ம குளத்து மண்ணே ஆகாதா? இதற்கு மட்டும் கறாராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. தயவுசெய்து யாரும் காயத்தில் மண் வைக்காதீர்கள். குளத்து மண்ணில் களிமண் தகடு இருப்பது உண்மை. கூடவே மணல், இரும்புத்துரு, அழுகல், கிருமிகள் இருப்பதும் உண்மை. டெட்டனஸ் கிருமியின் வித்து மண்ணில்தான் வாழ்கிறது. ஆய்வகத்துக்கு வரும் ஹாலோய்சைட் நியூசிலாந்திலோ அமெரிக்காவின் யூட்டாவிலோ வெட்டப்பட்டு, சுத்தம் செய்து, அளவு பிரித்து வருவது. அப்படிச் சுத்தம் செய்ததைக்கூட ரத்தத்துக்குள் செலுத்தக் கூடாது. உடம்பு அதைக் கரைத்து வெளியேற்றாது. தோலின் மேல் வைத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடக்கூடிய கட்டுக்குத்தான் நான் அதை நம்புகிறேன்.

என் அம்மாவுக்கும் ஒரு கேள்வி இருந்தது. அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் ஆய்வகத்திலிருந்து வலைத்துண்டு ஒன்றை ஜிப் கவரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, கவரையும் அப்பாவின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நான் வைக்கவில்லை. வைக்க எனக்கு உரிமை இல்லை. அந்தத் துண்டு கிருமிநீக்கம் செய்யப்படாதது. ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவியில் வைத்தால் பி.சி.எல். உருகி ஒட்டிக்கொள்ளும், காமா கதிரோ எத்திலீன் ஆக்ஸைடோ வேண்டும். குளோரோஃபார்ம் மிச்சம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்கவேண்டும். செல்களில் பார்த்து, விலங்குகளில் பார்த்து, நெறிமுறைக் குழுவின் முன்னால் நின்று, மனிதர்களிடம் சோதிக்க முறையான அனுமதி வாங்கி, அத்தனையும் கடந்த பிறகுதான் ஒரு புண்ணுக்கு மேல் அது வரலாம். அந்த வரிசையில் எந்தப் படியையும் அப்பாவுக்காக நான் தாண்டினால், நாளைக்கு இன்னொருவரின் அப்பாவுக்கு அதைத் தர எனக்கு முகம் இருக்காது. அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. "இன்னும் ஆகல்ல அம்மா" என்று மட்டும் சொன்னேன். சரி என்று உள்ளே போய்விட்டாள்.

அப்பாவின் புண்ணை ஆற்றியது பழைய வைத்தியம்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். செத்த சதையை வாரவாரம் வெட்டி நீக்கினார்கள். குதிகாலில் பாரம் விழாதபடி குழி எடுத்த செருப்பு ஒன்று கொடுத்தார்கள். சிஸ்டர் நாள் தவறாமல் கட்டு மாற்றினார். சர்க்கரை இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், தினமும் ராத்திரி படுக்குமுன் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குனியமுடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அப்பா இப்போது அப்படித்தான் பார்க்கிறார்.

ஜிப் கவரில் கொண்டுவந்த அந்தத் துண்டைக் கையில் தரச்சொல்லி அவர்தான் கேட்டார். முப்பது வருடம் ஷீட் அடித்த கை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல நகர்த்தினார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இதுல மண்ணு எங்க?"

"கண்ணுக்குத் தெரியாதுப்பா."

"நடுவுல கனம். ஓரம் மெலிசு" என்றார். "ஷீட்டு இப்படி அடிச்சா நடு காயாது, வெள்ளை தெரியும். கடையில கிரேடு குறைப்பான்."

நான் திரும்ப வாங்கித் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அந்த வலையின் நடுவிலும் ஓரத்திலுமாக 2 சென்டிமீட்டர் சதுரங்கள் வெட்டி எடை போட்டேன். அவர் சொன்னது சரி. ஊசிக்கு நேர் எதிரே நூல் குவிகிறது, தகட்டின் ஓரத்துக்குப் போகப் போகக் குறைகிறது. கனம் மாறினால் சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு மருந்து என்ற கணக்கே மாறும். புண்ணின் நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் ஒரு அளவு என்றாகிவிடும். ஒரு வருடமாக நான் நடுத்துண்டையும் ஓரத்துண்டையும் கலந்துதான் குப்பிகளில் போட்டுக்கொண்டிருந்தேன்.

தட்டைத் தகட்டை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுற்றும் உருளையை வைத்தேன். ஊசியும் இடமும் வலமுமாக நகரும்படி ஆக்கினேன். அந்த உருளையில் வந்த முதல் வலையை உரித்தெடுத்து, 12 சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதினேன். பன்னிரண்டும் பக்கம் பக்கமாக வந்தன. சாயங்காலம் ஷேக்கரை 37-இல் வைத்து, இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குப்பிகளை உள்ளே அடுக்கினேன். வெட்டியதில் மிச்சமிருந்த நடுக்கீற்று ஒன்றையும் ஓரக்கீற்று ஒன்றையும், எது எது என்று எழுதாமல், வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அப்பா இரண்டையும் தடவிப் பார்த்தார். எது நடு, எது ஓரம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.